சாரங் அந்தோணி குடித்ததில்லை

செய்தி வந்தபோது நான் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். இந்தத் தீவில், டாலிகஞ்சில் மெடிக்கல் கடை வைத்திருப்பவளுக்கு ஊர்ச் செய்தியெல்லாம் மருந்துச் சீட்டுக்கு முன்னால் வந்துவிடும். பிரஷர் மாத்திரைக்காக வாசலில் காத்திருந்த ஒருவர், "தெரியுமா தீதி, ஜங்லிகாட் சாரங் அந்தோணி காலையில போயிட்டாராம். தாரு லிவரைத் தின்னுடுச்சு. வேற என்ன?" என்றார்.

அதில் முதல் பாதி உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. சாராயத்தைப் பற்றிய இரண்டாம் பாதி பொய் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். "லிவரை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போய், "அரே, எல்லாரும் சொல்றாங்க" என்றார். எல்லாரும் சொல்வதை நான் நம்புகிறவள் இல்லை. அந்தோணி அண்ணனின் மனைவி ரோசம்மாவை அழைத்தேன். எடுத்தவுடனே அழுகைதான் கேட்டது. "ஆமா சாவித்திரி, போயிட்டாவ. பொறவாசல்ல உக்காந்து மீன் கழுவிட்டு இருந்தாவ. நெஞ்சைப் புடிச்சிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாவ." மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தையும் நேரில் போய் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறிய மலர் அச்சடிக்கப்போவதாகவும், அதில் நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்றும் அவருடன் ஃபெர்ரியில் வேலை பார்த்தவர்கள் வந்து கேட்டார்கள். ஒருவர் செத்த பிறகு நல்லதாக நாலு வார்த்தை தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். உயிரோடு இருக்கும்போது அந்த நாலு வார்த்தை எங்கே போயிருந்தது? படகுத்துறை ஜெட்டியில் அவருக்குக் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் 'கடலின் மைந்தன்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் கயிறு பிடித்து நின்ற வருஷங்களில் அதே ஜெட்டியில் நீங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வேறு. அதை இங்கே அச்சில் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

என் குணம் அப்படி, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் முப்பாட்டனார் ஏதோ ஒரு வழக்கில், சந்தேகத்தின் பேரில், கைவிலங்கோடு இந்தத் தீவுக்கு வந்தவர். எங்கள் குடும்பமே சந்தேகத்தில்தான் இங்கே வேர்விட்டது. அதற்கு மேல் நான் படித்தது ஃபார்மசி. போலிச் சீட்டு, பழைய சீட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு என்று பார்த்துப் பார்த்து, ஒருவர் இருமினால்கூட எதற்கு இருமுகிறார் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது.

அந்தப் புத்தியால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. ஏழாம் நாள் பூசையில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மகள் முன் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பியபோது அவள் கால் இடறியது. பெஞ்சின் முதுகைப் பிடித்து நின்றாள். இரண்டடி வைத்தாள், மறுபடி பிடித்தாள். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கப்பல் ஆட்டம் இன்னும் போகல போல, பாவம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பனைப் போலத்தான் பிள்ளையும்" என்றாள்.

கப்பல் ஆட்டம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் ஆடிவிட்டு ஹாடோ துறைமுகத்தில் இறங்கினால், அதற்குப் பிறகும் சில நாள் தரை ஆடும், கட்டில் ஆடும், குளிக்கும்போது சுவர் சாயும். ஆனால் இந்தப் பெண் செய்தி கேட்டு அடித்துப் பிடித்து விமானத்தில் வந்தவள். விமானத்தில் வந்தவளுக்கு எங்கிருந்து கப்பல் ஆட்டம் வந்தது? இதே ஆட்டத்தை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவள் அப்பாவிடம்.

அந்தோணி அண்ணன் முதன்முதலில் என் கடைக்கு வந்தது எத்தனையோ வருஷம் முன்பு. ஃபெர்ரியின் சாரங் அவர். படகை நடத்துவதும் சுக்கான் பிடிப்பதும் அவர்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, ஒரு சீட்டை நீட்டினார். மனச்சோர்வுக்கான மாத்திரை. மதுரை டாக்டரின் சீட்டு. "எனக்கில்ல தங்கச்சி. ஃப்ரெண்டுக்கு" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

ஜங்லிகாட்டில் மெடிக்கல் கடைக்கா பஞ்சம்? தலைவலி மாத்திரை வாங்க யாரும் ஆட்டோ பிடித்து டாலிகஞ்ச் வருவதில்லை. இந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இந்த வகை மாத்திரையை யாரும் தன் பேட்டையில் வாங்க மாட்டார்கள். ஷாதிபூர்க்காரர்கள் ஜங்லிகாட் போவார்கள். ஜங்லிகாட்காரர்கள் என்னிடம் வருவார்கள். டாலிகஞ்ச்காரர்கள் எங்கே போகிறார்கள் என்பது என் சக வியாபாரிகளுக்குத் தெரியும். "உங்க ஃப்ரெண்டுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். நாற்பது என்றார். அடுத்த மாதம் கேட்டேன், ஐம்பது என்றார். "அச்சா, ஒரு மாசத்துல பத்து வயசா? அப்போ அவருக்கு மாத்திரை பத்தாது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல்.

அவருக்கும் என் மேல் சந்தேகம் இருந்தது. சரக்கு சென்னையிலிருந்து வந்தால் ஒரு கம்பெனி, கல்கத்தாவிலிருந்து வந்தால் வேறு கம்பெனி. மருந்து ஒன்றுதான், நிறம் மாறும். "போன தடவை மஞ்சள், இப்ப வெள்ளை. ஏம்மா, டூப்ளிகேட்டா?" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நான் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவேன். அதையும் வாங்கித் தானே ஒருமுறை படிப்பார். இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒன்றையொன்று மோப்பம் பிடித்தபடிதான் எங்கள் சிநேகம் வளர்ந்தது.

எதனால் அந்த நோய் என்று கேட்பீர்கள். ஊரே கேட்கும். வீட்டில் சண்டையில்லை, சம்பளம் நிற்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போடக் கை வராது என்று பின்னாளில் சொன்னார். "காரணம் தெரிஞ்சா அத அடிச்சுப் போட்டுருக்க மாட்டேனா?" என்பார். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் பொத்தான் போட முடிந்தது. இரண்டு மூன்று வருஷம் நன்றாகவே இருந்தார்.

பிறகு சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே ஒரு மாமா, "நல்லாத்தான இருக்க, பொறவு எதுக்குல மாத்திர?" என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவரை நிஜமாக நிறுத்த வைத்தது திரும்பி வந்த கப்பல்தான். அடுக்குக் கட்டில் போட்ட பங்க் கிளாஸில் வந்தவர்களுக்குத் தெரியும். மூன்று நாளில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் எத்தனை தடவை வாந்தி எடுத்தார்கள், எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேல் பங்க்கில் ஃபெர்ரி ஆபீஸ் ஆள், எதிர் பங்க்கில் ஜங்லிகாட் குடும்பம். அவர்கள் முன்னால் அட்டையைப் பிரித்தால், "என்ன மாத்திரை சாரங்?" என்று கேட்பார்கள். பையின் அடியில் போட்டவர் அதை எடுக்கவே இல்லை. இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் போடாமலே ஒன்றும் ஆகவில்லையே, இனி எதற்கு என்று நினைத்துவிட்டார்.

அதற்கப்புறம் தரை ஆடத் தொடங்கியது. எல்லாருக்கும் ஆடுவதுதானே என்று வீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு நின்றது, அவருக்கு நிற்கவில்லை. கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் வெல்டிங் பொறி அடித்ததுபோல இருந்ததாம். கண்ணை மூடினால் கண்ட கண்ட கனவு. ரோசம்மா உப்புக் குறைத்துப் போட்டதற்குத் தட்டை விட்டெறிந்தார், பிறகு அதற்காகக் குழந்தை மாதிரி அழுதார். நோய் திரும்பிவிட்டது என்று அவருக்கே பயம். அதைவிட வேடிக்கை, 'கப்பல் ஆட்டம் ஒரு சாரங்குக்கு வரலாமா' என்கிற வெட்கம்.

அந்த வாரங்களில்தான் நீங்கள் எல்லாம் பார்த்த அந்தக் காரியம் நடந்தது. ஃபெர்ரி ஜெட்டியை நெருங்குகிறது. படகு நிறைய சனம், வண்டிகள். அவர் சுக்கானை விட்டுப் பின்னால் வந்து, கூட இருந்தவரிடம் "நீ புடி, எனக்கு முடியல" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்தார். படகு பத்திரமாக அணைந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் சாரங் தள்ளாடியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆபீஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் போகவில்லை. போகாதவன் குடித்தவன்தான் என்று முடிவாயிற்று. சுக்கான் போய், ஜெட்டியில் கயிறு பிடிக்கும் வேலை வந்தது.

இதெல்லாம் காதில் விழுந்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், அதில் எனக்கு மனக்குறையும் இல்லை. பார்த்ததை வைத்துத்தானே சந்தேகப்பட முடியும்? ஆனால் ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். கவுன்ட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, கப்பல் ஆட்டத்துக்கு ஏதாச்சும் மாத்திர குடேன்" என்றார்.

மீன் வந்து எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னதுபோல இருந்தது. வாசம் பார்த்தேன். சாராய வாடை இல்லை, தேங்காயெண்ணெய் வாடைதான் இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, இவர் அந்த மாத்திரை வாங்கி வெகு நாளாயிற்று.

"உங்க ஃப்ரெண்டு எப்படி இருக்கார்?" என்றேன்.

"எந்த ஃப்ரெண்டு?"

"அதான், மாசா மாசம் வயசு கூடுமே, அவர்."

தலையைக் குனிந்துகொண்டார். "அவன் மாத்திரைய நிறுத்திட்டான்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"எப்போ?"

"கப்பல் ஏறும்போது."

"அவருக்கு சக்கர் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க." தலைசுற்றலை நாம் இங்கே அப்படித்தானே சொல்கிறோம்.

வாசலில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இஸ்திரி சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருதாம்மா. ரொம்ப வருதாம்" என்றார்.

அன்றைக்குக் கடையில் வேறு யாரும் வராமல் இருந்தது கடவுள் செயல். இந்த மாத்திரையை ஒரேயடியாக விட்டால் சிலருக்கு இப்படி வரும், இது குடியும் இல்லை பைத்தியமும் இல்லை, உடம்பு பழகியதைக் கேட்கிறது, டாக்டரிடம் பேசுங்கள் என்றேன். அதோடு, "ஆபீஸ்ல போய் இதைச் சொல்லுங்களேன் அண்ணா. குடிக்கலைன்னு ரத்தம் குடுத்து நிரூபிங்களேன்" என்று கத்தவும் செய்தேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ரத்தம் எடுக்கிறவன் என்ன மாத்திர சாப்பிடுதன்னு கேப்பான். தாரு குடிச்சான்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் தங்கச்சி. குடிகாரன் நாளைக்குத் திருந்திட்டான்னு சொல்லுவாங்க. பாகல், பைத்தியம்னு ஒரு தடவ சொல்லிட்டா, பொறவு யாரு மாத்திச் சொல்லுவா?"

மதுரைக்குப் போன் போட்டார். முதலில் எடுத்த சின்ன டாக்டர், எதையும் கேட்காமலே, நோய் திரும்பிவிட்டது, டோஸைக் கூட்டுங்கள் என்றார். எனக்கு அது இடித்தது. நோய் திரும்பினால் முதலில் அந்தப் பழைய பொத்தான் போட முடியாத காலை அல்லவா திரும்பியிருக்க வேண்டும்? இவருக்கு வந்தது மண்டையில் பொறியும் காலடியில் ஆட்டமும். மறுபடி போன் போடச் சொன்னேன், பெரிய டாக்டரே பேசட்டும் என்றேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ நிறுத்தினீங்க?" பதிலைக் கேட்டதும், பழைய அளவையே மறுபடி எடுக்கச் சொன்னார். ஆட்டம் நின்ற பிறகு, விட வேண்டுமென்றால் மெல்ல மெல்லக் குறைக்கலாம், தன்னிடம் சொல்லிச் சொல்லி என்றார். சில நாளில் தரை நின்றது. "நின்னுட்டு தங்கச்சி!" என்று அவர் கடை வாசலில் ஒற்றைக் காலில் நின்று காட்டியதை எதிர்க் கடை பெங்காலிக்காரர் பார்த்துவிட்டு, காலையிலேயே ஏற்றிக்கொண்டாரா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

குறைத்த கதை பெரிய கதை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முதல் படி சுலபமாக இறங்கினார். இரண்டாம் படியில் மழைக்காலத்தோடு பொறியும் வந்தது. டாக்டர் ஒரு படி திரும்ப ஏறச் சொன்னார். தோற்றுவிட்டேனா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஜெட்டி தெரியுதுன்னு இன்ஜின நிறுத்தினா போட் சொன்னபடி கேக்காது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். ரிவர்ஸ் போடுறது அவமானமில்ல, ஜெட்டிய இடிக்கிறதுதான் அவமானம்." கடைசியில் ஒரு சின்ன அளவில் வந்து நின்றார். அதற்குக் கீழே போகவில்லை. "முழுசா விட்டுட்டா நல்லா இருக்குமே" என்று நான் அசட்டுத்தனமாகச் சொன்னபோது, "இதுல என்ன பந்தயமா? எனக்கு இது போதும்" என்றார்.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். என் கடைக்கு வந்தவர்களில், டாக்டர் சொன்னபடி குறைத்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் விட்டு, இப்போது வைட்டமின் மட்டும் வாங்கிப் போகிற ஒரு டீச்சர் இருக்கிறார். விட்ட பிறகு டி.வி. விளம்பரத்துக்கெல்லாம் அழுகை வருகிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். விட்டுப் பார்த்து, அந்த இருட்டு நிஜமாகவே திரும்பி வந்து, மறுபடி ஆரம்பித்து நிம்மதியாக இருக்கிறவரும் இருக்கிறார். யார் யார் என்று தேடாதீர்கள், அடையாளத்தை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

சுக்கான் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பணிக்காலம் முடியும்வரை ஜெட்டியில் நின்றார். படகு வரும், கயிறு வீசுவார்கள், பிடித்துக் கட்டுவார். "பின்னால போங்க, ஹட் ஜாவ், கோட்டுக்குப் பின்னால போங்க!" என்று சனத்தை விரட்டுவார். அவர் அணைத்த படகுகளை வேறு யாரோ அணைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது தாங்காது. அந்தப் பக்கம் போனால் வேறு திசையில் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

சுக்கான் போனதைவிடப் பெரிய விலை ஒன்று இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஜெட்டிச் சம்பவம் நடந்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக வந்து அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், "ஊரே சொல்லுது. குடிச்சீங்களாப்பா?" அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். குடிகாரன் மகளுக்குக் கல்யாணம் நடந்துவிடும், பைத்தியக்காரன் மகளுக்கு நடக்காது என்று கணக்குப் போட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று ரோசம்மாவிடம் மாதா படத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சம்பந்தம் எப்படியும் கூடிவரவில்லை. குடிகாரன் மகளையும் அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். மகள் சென்னைக்குப் போனாள். போன் வந்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது ஏழாம் நாளுக்கு வருகிறேன். பூசை முடிந்து ஜங்லிகாட் வீட்டில் சாப்பாடு. மகள் பின்பக்கம் குழாயடியில் தனியாக நின்று, சுவரில் கை வைத்துக்கொண்டு முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன். எனக்கு நாசூக்கு வராது.

"பாப்பா, எந்த மாத்திரையை மெட்ராஸ்ல விட்டுட்டு வந்தே?"

அவள் விருட்டென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பொறி அடித்திருக்க வேண்டும். "நான் ஒண்ணும் குடிக்கலை ஆன்ட்டி. உங்க ஊர்க்காரங்க பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்."

"குடிச்சேன்னு நான் கேக்கலையே. எதை நிறுத்தினேன்னு கேட்டேன்."

அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். செய்தி வந்ததும் கையில் கிடைத்த துணியோடு ஓடி வந்தாள், மாத்திரை அறையிலேயே இருந்துவிட்டது. இங்கே வாங்கலாம்தான். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்கு வந்துவிடும் என்று பயம். "ரெண்டு வருஷமா சாப்பிடறேன். அப்பா பண்ணினதாலதான் எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு குடிகாரருக்குப் பொறந்ததாலதான்னு. இப்போ நானும் எல்லார் முன்னாடியும் அவரை மாதிரியே தள்ளாடிட்டு நிக்கிறேன்."

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. ரோசம்மா. தண்ணீர்ச் செம்போடு எவ்வளவு நேரமாக நின்றாளோ. "ஒங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்லட்டி" என்றாள். செம்பைத் தரையில் வைத்தாள். "மாதா என்ன மன்னிக்கட்டும். அவிய தள்ளாடினதும் இதே மாதிரி மாத்திரைய விட்டதாலதான். நீ இப்ப நிக்க பாரு, இப்பிடித்தான் நின்னாவ."

மகள் அம்மாவையே பார்த்தாள். "நான் கேட்டேனேம்மா. ஆமான்னு சொன்னாரே."

"ஒனக்கு மாப்பிள்ள கெடைக்கணும்னு சொன்னாவ."

அந்தப் பெண் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அப்பா போன துக்கம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று சொன்னார்கள். அந்த ஒரு தடவை ஊர் சொன்னதில் தப்பில்லை.

அன்றைக்கே சென்னை டாக்டரிடம் போனில் பேசினாள். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. ஆட்டம் படிப்படியாகக் குறைந்து, இப்போது நேராக நடக்கிறாள். ஜெட்டிக்குப் போய் அப்பா நின்ற இடத்தில் வெகு நேரம் நின்றுவிட்டு வந்தாளாம்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒருவர் தள்ளாடினால் மூக்கை நீட்டி வாடை பார்ப்பதுதான் நம் பழக்கம். என் பழக்கமும் அதுதான். இப்போது, என்ன குடித்தாய் என்று மனசு கேட்பதற்கு முன்னால், எதை நிறுத்தினாய் என்று வாய் கேட்டுவிடுகிறது. சந்தேகப்படுவதை விட என்னால் முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும் என்பதை அந்தோணி அண்ணன் எனக்குக் காட்டிவிட்டுப் போனார். பஸ்ஸில், கோயிலில், கடையில், யாராவது கம்பியைப் பிடித்து நின்றால் நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஃப்ளெக்ஸில் 'கடலின் மைந்தன்' என்று போடுவதைவிட அது அவருக்குச் செய்யும் மரியாதை.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தாயையும் மகளையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஒரு வரி வேண்டாம் என்றாலும் முழுசாகக் கிழித்துப் போடுவதாகச் சொன்னேன். ரோசம்மா அழுதாள். மகள் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். அப்பாவைப் போலத்தான்.

"ஏன் ஆன்ட்டி, எல்லா இடத்திலும் மகள், மகள்னே எழுதியிருக்கீங்க? எனக்குப் பேர் இல்லையா?"

"ஊர் பேசும் பாப்பா. ஆபீஸ்ல தெரிஞ்சுபோயிடும். நாளைக்கு ஒரு வரன் வந்தா…" என்று நான் இழுத்தேன். அவளுடைய தைரியத்தின் மேலும் எனக்குச் சந்தேகம்தான். துக்கத்தில் பேசுகிறாள், நாளைக்கு வருத்தப்படுவாள் என்று இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். நேற்றும் கேட்டேன். நேற்று கோபித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பயந்துதானே எங்கப்பா குடிகாரனாவே செத்தாரு? என் பேரைப் போடுங்க. அவர் பேரோட சேர்த்துப் போடுங்க."

அவள் பெயர் அந்தோணி ஸ்டெல்லா.